காத்திருக்கும் மேடை

"சாப்பிட்டாச்சா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஆச்சு" என்கிறார் மற்றவர். கேள்வி முடிந்ததற்கும் பதில் தொடங்கியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிருக்கும்? 2009இல் மொழியியலாளர்கள் சிலர் இதை அளந்தே பார்த்தார்கள். ஜப்பானியம், கொரியன், லாவோ, டேனிஷ் என உலகின் பல மூலைகளில் பேசப்படும் 10 மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். எல்லா மொழிகளிலும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் நேரம்தான்.

வியப்பு இதோடு முடியவில்லை. ஒரே ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. அப்படியானால் இவ்வளவு சீக்கிரம் பதில் எப்படி வருகிறது? எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, நாம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். கேட்பது, ஊகிப்பது, சொல் தேடுவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இப்படி ஒரு வித்தையை நாள் முழுக்கச் செய்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

இந்த வித்தை கைவராத ஒருவருக்கு என்ன ஆகும்? பதில் அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஐந்து விநாடி வேண்டும், சில நேரம் பத்து. அந்த அவகாசத்தை யாரும் கொடுப்பதில்லை. "தம்பி பேர் என்ன?" என்று விருந்தாளி கேட்டால், தம்பி வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிடுகிறார். அறிவுசார் குறைபாடு உள்ள பலருடைய நாள் இப்படித்தான் போகிறது. கேள்வி அவர்களைப் பார்த்து வருகிறது, பதில் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து போகிறது.

இதற்கு விலக்காக ஓர் இடம் உண்டு. மேடையில் ஒருவர் பேசாமல் நின்றால் அரங்கமே மூச்சடக்கிக் காத்திருக்கும். அங்கே மௌனமும் நடிப்பின் ஒரு பகுதி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் நாடகக் குழுக்கள் உலகின் பல ஊர்களில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் குழுக்கள் இயங்கும் விதத்தை உற்றுப் பார்த்தால், நாடகம் என்ற பழைய கலைக்குள் எத்தனை நுட்பங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்? கற்பது, காரணகாரியம் யோசிப்பது, திட்டமிடுவது ஆகியவற்றிலும், காசு எண்ணுவது, பேருந்து பிடிப்பது போன்ற அன்றாடக் காரியங்களிலும் சிறுவயது முதலே கணிசமான சிரமம் இருப்பதை அறிவுசார் குறைபாடு என்கிறோம். டவுன் சிண்ட்ரோம், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, மரபணு மாற்றங்கள் எனக் காரணங்கள் பல. இது மனநோயிலிருந்து வேறுபட்டது. உலக அளவில் 100 பேரில் சுமார் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 7.2 கோடிப் பேர் இருந்தார்கள். இந்த மதிப்பீட்டின்படி 7 லட்சம் பேராவது பதிவாகியிருக்க வேண்டும். பதிவானவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். லேசான குறைபாடு உள்ளவர்களில் மிகப் பலர் கணக்குக்கே வருவதில்லை.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் பெட்டிக்கு 100 பேர் என்று வைத்துக்கொண்டாலும் பெட்டிக்கு ஒருவராவது இருக்க வேண்டும். நாம் பார்ப்பதில்லை. சட்டம் இவர்களுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பதினெட்டுக்குப் பிறகு பலருக்கு வீடும் தொலைக்காட்சியும்தான் உலகம். வாரம் ஒருமுறை கூடும் நாடகக் குழுவின் மதிப்பு இந்த இடத்தில்தான் புரியும்.

அப்படி ஒரு குழு கூடும்போது முதலில் நடப்பது மிக எளிய ஒரு விளையாட்டு. எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். ஒருவர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏதாவது ஒரு சைகை செய்கிறார். கையை மேலே தூக்கலாம், குதிக்கலாம், தலையை ஆட்டலாம். மற்ற அனைவரும் அந்தப் பெயரையும் சைகையையும் அப்படியே திருப்பிச் செய்கிறார்கள். பிறகு அடுத்தவர். பார்க்கச் சிறுபிள்ளை ஆட்டம்போல இருக்கும். ஆனால் இந்த ஒரு சுற்றுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். என் முறை வரும்வரை நான் பொறுத்திருக்க வேண்டும். மற்றவரைக் கவனிக்க வேண்டும். பார்த்ததை நினைவில் வைக்க வேண்டும். என் சைகையைச் செய்ய வேண்டும் என்ற ஆசையை அடக்கி, அவருடையதைச் செய்ய வேண்டும். உளவியலாளர்கள் செயலாட்சித் திறன் என்று சொல்வது, அதாவது மனம் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் ஆற்றல், மொத்தமும் இதற்குள் பயிற்சி பெறுகிறது. வட்டத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதில் முன்வரிசை, பின்வரிசை கிடையாது. எல்லோருக்கும் எல்லோருடைய முகமும் தெரியும்.

அடுத்த சிக்கல் வசனம். பத்து இலக்க மொபைல் எண்ணை ஒரே முறை கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் தடுமாறுவோம். காதால் கேட்டு நினைவில் நிறுத்தக்கூடியது சராசரியாக 7 இலக்கம்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு 3 அல்லது 4 இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. காதுவழி வரும் சொற்களைச் சில விநாடிகள் தாங்கிப்பிடிக்கும் குறுங்கால நினைவு அவர்களுக்குக் குறுகலானது. ஆனால் கண்ணால் கண்ட இடத்தையும் அசைவையும் நினைவில் வைக்கும் வழி ஒப்பீட்டளவில் அகலமாகவே இருக்கிறது. பக்கம் பக்கமாக வசனத்தைப் படித்துக் காட்டி மனப்பாடம் செய்யச் சொல்வது அடைபட்ட வழியில் போவதாகும். பக்கத்திலேயே திறந்த வழி ஒன்று இருக்கிறது, உடம்பு.

1980களின் தொடக்கத்தில் உளவியலாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். "தீக்குச்சியை உடை", "கதவைத் தட்டு" போன்ற சிறு வாக்கியங்களின் பட்டியலைக் கேட்டு மட்டும் மனத்தில் வைத்தவர்களைவிட, ஒவ்வொன்றையும் கையால் செய்து பார்த்தவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. செய்து கற்றதின் நினைவு என்று இதைச் சொல்லலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடமும் இது வேலை செய்தது. அமெரிக்காவில் உளவியலாளர் ஹெல்கா நாய்ஸும் அவருடைய கணவரும் நடிகருமான டோனி நாய்ஸும் தொழில்முறை நடிகர்களை வைத்து ஆராய்ந்தார்கள். நாடகம் முடிந்து மாதங்கள் கடந்த பின்பும், நின்ற இடத்தில் பேசிய வசனங்களைவிட, நடந்துகொண்டே பேசிய வசனங்கள் அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. மேடையில் ஓர் அடி வைப்பதும் ஒரு சொல்லை நினைவில் வைப்பதும் மூளைக்குள் கைகோத்துக்கொண்டு நடக்கின்றன.

இதோடு பொருந்தும் இன்னொரு நுட்பமும் உண்டு. நாடகத்தைத் தலைகீழாக உருவாக்குவது. வழக்கமாக முதலில் எழுத்து, பிறகு ஒத்திகை. இங்கே முதலில் ஒத்திகை, பிறகு எழுத்து. ஒரு டீக்கடை என்று சூழ்நிலையைக் கொடுக்கிறார் பயிற்சியாளர். ஒருவர் கடைக்காரர். இன்னொருவர் டீ குடிக்க வந்தவர், அவரிடம் காசு இல்லை. "என்ன செய்வீங்க?" அவ்வளவுதான் கேள்வி. கடைக்காரராக நிற்பவர் யோசிக்கிறார். கற்பனை டம்ளரை எடுத்து நீட்டுகிறார். "குடி. நாளைக்குக் குடு" என்கிறார். இந்த வரியை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்குள்ளிருந்து வந்தது. அதனால் அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. பயிற்சியாளர் அதைக் குறித்துக்கொள்கிறார், அடுத்த வாரம் அதே காட்சி மீண்டும் நடக்கிறது. இப்படி எல்லோரும் சேர்ந்து செய்வதைக் கூட்டுப் படைப்பு என்கிறார்கள். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல முக்கிய நிகழ்வுகளை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு, அவற்றை இணைக்கும் வசனத்தை அன்றன்றைக்கு நடிகர்களிடமே விட்டுவிடுகிறார்கள். ஒரு வரி மாறிப்போனாலும் நாடகம் உடைவதில்லை.

பயிற்சியாளர் எங்கே நிற்கிறார் என்பதும் கவனிக்க வேண்டியது. வெளியே நின்று ஏவுவதில்லை. இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரத்தி ஹீத்கோட் (1926–2011) ஆசிரியரே ஒரு பாத்திரமாகக் காட்சிக்குள் நுழையும் முறையை வளர்த்தெடுத்தார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடும் அவர் பணியாற்றினார். அவருடைய உத்தி எளிமையானது. ஆசிரியர் எல்லாம் தெரிந்தவராக வராமல், உதவி தேவைப்படும் ஒருவராக வருவார். பசியோடு வந்த வழிப்போக்கர், வழி தவறிய பயணி. வாழ்நாள் முழுக்க உதவி பெறுபவராகவே நடத்தப்பட்ட ஒருவர், அந்த நொடியில் உதவி செய்பவராகிவிடுகிறார்.

இந்த உத்திகளில் பலவற்றை நம் தெருக்கூத்து பல தலைமுறைகளாக வைத்திருக்கிறது. கூத்தை நடத்திச் செல்லும் கோமாளிப் பாத்திரமான கட்டியக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா வேடம் களரிக்கு, அதாவது கூத்து ஆடும் இடத்துக்கு, வந்ததும் அவன் கேள்விகளை அடுக்குவான். தாங்கள் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன? ராஜா பதில் சொல்லச் சொல்ல, கதை தானாக விரியும். ராஜா தயங்கினால் கட்டியக்காரன் வேடிக்கை பேசி இடத்தை நிரப்புவான். விட்டுப்போன சேதியைக் கேள்வியாக மாற்றி எடுத்துக் கொடுப்பான். கூட்டத்துக்கு அது நகைச்சுவை. நடிகருக்கு அது கைத்தாங்கல். திரைக்குப் பின்னால் ஒளிந்து வசனம் எடுத்துக் கொடுப்பவரைவிட, களரியிலேயே நின்று கதைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பவர் எவ்வளவு மேல்!

பின்பாட்டையும் பாருங்கள். வேடக்காரர் ஒரு வரி பாடுகிறார். பின்னால் நிற்பவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள். அந்தச் சில விநாடிகளில் வேடக்காரர் அடுத்த வரியை நினைவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். மத்தளமும் தாளமும் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று உடம்புக்கே சொல்லிவிடுகின்றன. சொல்லை எண்ணிக் காத்திருக்க வேண்டியதில்லை. அடி விழுந்ததும் கால் எழும்.

மிக அழகான ஏற்பாடு திரை. இருவர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்வார்கள். வேடக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். துணிக்கு மேலே கிரீடம் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். குரல் கேட்கும், முகம் தெரியாது. மெல்ல மெல்லத்தான் முழு உருவம் வெளிப்படும். திடீரென்று நூறு கண்கள் தன்னைப் பார்ப்பது அச்சத்தைத் தரும் ஒருவருக்கு இதைவிடப் பரிவான மேடை நுழைவு வேறு என்ன இருக்க முடியும்? கூத்துக்காரர்கள் இவற்றை அறிவுசார் குறைபாட்டை நினைத்து உண்டாக்கவில்லை. மைக் இல்லாத காலத்தில், திறந்த வெளியில், விடிய விடிய ஆட வேண்டியிருந்தது. நினைவும் உடம்பும் தளர்ந்துபோகும் நீண்ட இரவுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள் இவை. நினைவுக்குத் துணை தேவைப்படும் எவருக்கும் அவை பொருந்துகின்றன.

முகமூடிக்கும் இங்கே வேலை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்த பரசுராம் ராமமூர்த்தி, 'வேள்வி' என்ற அமைப்பின் வழியாக ஆட்டிசம் உள்ளவர்களோடு நாடகப் பணி செய்தவர். முகமூடியை அவர் முக்கியக் கருவியாகக் கொண்டார். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் வேறு வேறு; சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். ஆட்டிசம் உள்ள பலருக்கு எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதே பெரும் சுமை. மனித முகம் நொடிக்கு நொடி மாறும், அதைப் படித்துக்கொண்டே பேசவும் வேண்டும். முகமூடியோ மாறாது. சிரித்தால் சிரித்தபடியே இருக்கும். அதைப் பார்ப்பது எளிது, அதன் பின்னால் நின்று பேசுவது இன்னும் எளிது.

இவையெல்லாம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 2000ஆம் ஆண்டு சுனேத்ரா பண்டாரநாயக்க தொடங்கிய சுனேரா அறக்கட்டளை, மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு நாடக, நடனப் பயிலரங்குகளை வாரந்தோறும் பல ஊர்களில் நடத்திவருகிறது. இதற்கு வித்திட்டவர் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பணியாற்றிய வுல்ஃப்காங் ஸ்டாங்கே. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஆடும் அமிச்சி நடன நாடகக் குழுவை 1980இல் உருவாக்கியவர் அவர். போரில் காயமுற்ற படைவீரர்களையும் மாற்றுத்திறனாளி இளைஞர்களையும் அவர் இலங்கையில் ஒரே மேடையில் ஏற்றினார். கேரளத்தில் மந்திரக் கலைஞர் கோபிநாத் முத்துகாட் 2019இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய டிஃபரன்ட் ஆர்ட் சென்டரில், அறிவுசார் குறைபாடு உள்ள இளையோர் பார்வையாளர்கள் முன் மந்திர வித்தையும் இசையும் நடனமும் நிகழ்த்துகிறார்கள். மந்திர வித்தை என்பது படிகளை வரிசை மாறாமல் செய்வது. ஒரு படி தவறினாலும் வித்தை பலிக்காது.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987இல் தொடங்கிய 'பேக் டு பேக்' நாடகக் குழுவின் கதை இன்னும் வியப்பானது. அதன் நடிகர்களில் பலர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். 2005இல் அவர்கள் ஒரு நாடகத்தை மெல்பர்னின் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் நடத்தினார்கள். பார்வையாளர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடிகர்கள் சிறு மைக்கோடு பயணிகளின் நெரிசலுக்குள் இருப்பார்கள். குரல் காதுக்குள் கேட்கும், ஆளைக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அரங்கின் கடைசி வரிசைவரை கேட்கும்படி உரக்கப் பேச வேண்டிய கட்டாயம் ஒரு நொடியில் மறைந்துபோனது. மெல்லிய குரலும் தயங்கிய பேச்சும் ரகசியம் கேட்பதுபோல் நெருக்கமாகிவிட்டன. மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் இதைக் கற்பனை செய்து பாருங்கள்.

2011இல் அதே குழு பிள்ளையாரைக் கதாநாயகனாக்கியது. நாஜிகள் பறித்துக்கொண்ட சுவஸ்திகாவை மீட்க அவர் ஜெர்மனிக்குப் போகும் கதை. 1941 ஆகஸ்டுக்குள் மட்டும் நாஜி அரசு மனநோயும் உடல், அறிவுக் குறைபாடுகளும் உள்ள 70,000க்கும் மேற்பட்டவர்களை நச்சுவாயு அறைகளில் கொன்றது. அந்த நாட்டில் அன்று பிறந்திருந்தால் உயிரோடு விடப்பட்டிருக்க மாட்டோம் என்று தெரிந்தவர்கள் அந்தக் கதையை நடித்தார்கள். 2022இல் நார்வேயின் சர்வதேச இப்சன் விருதும், 2024இல் வெனிஸ் நாடக பியென்னாலேவின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கமும் இந்தக் குழுவுக்குக் கிடைத்தன. உலக நாடகத்துறையின் மிக உயர்ந்த கௌரவங்கள் இவை. இரக்கத்துக்காகக் கொடுக்கப்படுபவை அல்ல.

நாடகம் அறிவுசார் குறைபாட்டைக் குணப்படுத்தாது. குணப்படுத்த வேண்டிய நோயும் அல்ல அது. ஆனால் மாற்றம் நிகழும் இன்னோர் இடம் உண்டு, சுற்றியிருப்பவர்களின் மனம். 1954இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், இரு தரப்பாரிடையே உள்ள வெறுப்பும் ஒதுக்கலும் குறைய நான்கு நிபந்தனைகளைச் சொன்னார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும். இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அதை அடைய ஒத்துழைக்க வேண்டும். சமூகமோ சட்டமோ அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும். 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழகுவது பொதுவாகவே முன்முடிவைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் கூடினால் இன்னும் குறைகிறது என்றும் தெரிந்தது. தர்மத்துக்குச் சாப்பாடு போடும் பிறந்தநாள் விழாவில் முதல் மூன்றில் ஒன்றுகூட இல்லை. கல்லூரி மாணவரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞரும் ஒரே நாடகத்தில் சேர்ந்து நடிக்கும்போது மூன்றும் இருக்கின்றன.

நான்காவது நிபந்தனையும் நம்மிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலையிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைக் காக்கும் பொறுப்பை அரசுகளோடு உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தந்திருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் இதற்கு வேண்டியவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பல்வகைக் குறைபாடுகள் உள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. தென்னிந்தியாவின் கிராமியக் கலைகளைப் பேணும் தட்சிணசித்ராவும் அதே முட்டுக்காட்டில்தான். சோழிங்கநல்லூரில் தமிழக அரசின் 'விழுதுகள்' சேவை மையம். தாம்பரத்தில் 1937 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. சிறப்பாசிரியர்கள், கூத்துக் கலைஞர்கள், மாணவர்கள் என மூன்று தரப்பும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள்.

தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். ஏதேனும் ஒரு வார்டில் ஒரு சமூகநலக்கூடம், வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் போதும். ஒரு மத்தளம், பிடித்துக்கொள்ள ஒரு திரைத்துணி, பொறுமையுள்ள இரண்டு பயிற்சியாளர்கள் இருந்தால் குழு தொடங்கிவிடும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவரோடு சேர்ந்து உங்கள் வார்டு உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். கூடத்தைக் கேளுங்கள். கலையில் பங்கேற்பது சலுகை அல்ல, சட்டம் தந்திருக்கும் உரிமை.